ஒரு பாஸுக்கு இரண்டு பேர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மூடி மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நீங்கள் என்னிடம் வேறு உயர்ந்த நோக்கம் எதையும் எதிர்பார்க்க மாட்டீர்கள்.

2003ஆம் வருஷம், கோடை தொடங்கிய நேரம். ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். தோளில் துணிப்பை, கையில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட காகிதங்கள் என்று ஒரு பெண் வந்து நின்றாள். ஏதோ வேலைவாய்ப்பு ஆய்வாம்.

"போன வாரத்துல ஏதாவது வேலை செஞ்சீங்களா சார்? ஒரு மணி நேரமாவது?"

"எழுதினேன்."

"அதுக்குக் காசு ஏதாவது வந்துதா?"

"இல்லை."

"வேற வேலை தேடினீங்களா?"

"எதுக்கும்மா தேடணும்?"

அவள் ஓர் எண்ணை எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். வேலையும் செய்யாமல் வேலையும் தேடாமல் இருப்பவர்களுக்கென்று தனியாக ஓர் எண் இருக்கிறது என்றாள், மரியாதையாகத்தான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களும் அதில்தான் வருவார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அது பக்கத்து நம்பர் சார்" என்றாள். டீ சாப்பிடு என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என்னை ஓர் எண்ணுக்குள் போட்டவளை நான் ஒரு கதைக்குள் போடுவதென்று அப்போதே முடிவு செய்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர்கூடக் கேட்கவில்லை. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. [பழி வாங்கத்தான் ஆரம்பித்தேன். பாதியில் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன். சாய்ந்த இடம் எதுவென்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.]

2

முதல் தொடக்கம்: "எண்ணூர்க் கடலின் மேல் செஞ்சூரியன் மெல்ல எழும்ப, ரமாபாய் தன் ஜன்னலைத் திறந்து"

(நிறுத்திவிட்டேன். சூரியன் எழும்பும் நேரத்தில் ரமாபாய் வியாசர்பாடி எம்.கே.பி. நகர் ஹவுசிங்போர்டு வாசலில் தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு வரிசையில் நிற்பாள். அந்த வருஷம் சூரியனை ரசித்தவர்கள் வடசென்னையில் யாருமில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "தொண்ணூறுகளுக்குப் பிந்தைய வடசென்னைத் தொழிலாளர் சந்தையில் நிகழ்ந்த அமைப்புசார் மாற்றங்களை நோக்குங்கால்"

(இது கதையில் வரப்போகும் பேராசிரியரின் நடை. அவர் வரும்வரை பொறுத்திருக்கட்டும்.)

மூன்றாம் தொடக்கம்: "ரமாபாய்க்கு ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி."

இதை வைத்துக்கொள்கிறேன். அழகில்லைதான். ஆனால் காலை எடுத்து வைத்தால் வழுக்காது.

3

ரமாபாய்க்கு ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவள். நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆய்வு நிறுவனம்* அவளைக் களப்பணிக்கு எடுத்திருந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். நிரப்பிய படிவத்துக்குத்தான் காசு. பாதியில் கதவைச் சாத்திவிட்டால் அந்தப் பாதிக்குக் கிடையாது.

* நிறுவனத்தை நான்தான் கட்டினேன், நுங்கம்பாக்கத்தில் போய்த் தேடாதீர்கள். அங்கே கூலி ஏற்றத்தாழ்வை ஆராய்கிறார்கள். அதைப் பற்றிப் பேச டெல்லிக்கு விமானத்தில் போகிறவருக்கும், அதே ஆராய்ச்சிக்காகத் திருவொற்றியூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவளுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை.

அவளுக்குக் கொடுத்த தெரு திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. [தெருவின் பெயரை மாற்றினேன். மாற்றிய பெயரிலும் நிஜமாகவே ஒரு தெரு இருந்தது. பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.] அந்தத் தெரு ஆண்கள் ஒரு காலத்தில் பக்கத்திலிருந்த வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்தார்கள். தொண்ணூற்று ஒன்பதில் அது மூடப்பட்டது. இப்போது அவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை. பெட்டிக்குள் மூட்டை ஏற்றுவது, பெட்டியிலிருந்து மூட்டை இறக்குவது.

முதல் சுற்றில் ரமாபாய் கேட்ட கேள்வி ஒன்றுதான் நமக்கு முக்கியம். போன வாரம் எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?

முதல் வீட்டில் சின்னப்பையன் என்பவன் ஆறு நாள் என்றான். நாற்பது வயதிருக்கும், பேச்சுக் குறைவு. அவன் மனைவி கெங்கம்மாதான் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். எதிர்வீட்டுச் செங்குட்டுவனும் ஆறு நாள் என்றான். அவன் மனைவி மதி உள்ளேயிருந்தபடியே ஆமாம் போட்டாள். இரண்டு ஆண்களுக்கும் ஒரே மாதிரி மொட்டை போட்டு முடி முளைத்த தலை, ஒரே மாதிரி கீழே வளைந்த மீசை.

"அண்ணன் தம்பியா?" என்று கேட்டாள் ரமாபாய்.

"இல்லம்மா. தோஸ்து," என்றான் செங்குட்டுவன்.

அடுத்த வீடு, ஆறு நாள். அதற்கடுத்த வீடு, ஆறு நாள். தெரு முழுக்க வேலை இல்லாதவன் என்று ஒருவனும் இல்லை. ஆனால் கூலியைக் கேட்டபோது எல்லாருமே, அந்த யார்டு கொடுப்பதாகச் சொல்லப்பட்ட கூலியில் சரியாகப் பாதியைச் சொன்னார்கள். யாரோ நடுவில் அடித்துக்கொள்கிறார்கள் என்று ரமாபாய் நினைத்தாள். அவளுக்குக் கோபமாக இருந்தது. அந்தக் கோபத்தோடேயே பஸ் ஏறினாள்.

4

ஆய்வை நடத்தும் பேராசிரியர் அருள்பிரகாசம் வருகிறார். இவரைக் கெட்டவராக எழுத எனக்கு நிறைய ஆசை. கெட்டவர் ஒருவர் இருந்தால் கதை தானாக ஓடும், எனக்கும் வேலை மிச்சம். மூன்று விதமாக முயன்றேன். மூன்றிலும் அவர் ரமாபாய்க்கு ஃபேனைத் திருப்பி வைத்தார். மனுஷர் நல்லவராகவே இருந்து தொலைத்தார்.

அட்டவணையைப் பார்த்து அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலையின்மை சுத்தமா இல்லை. கூலி பாதி. என்ன அர்த்தம் தெரியுமா ரமா? வேலை போயிடக்கூடாதுன்னு கூலியில விட்டுக்கொடுத்திருக்காங்க. சந்தை தன்னைத்தானே சரி பண்ணிக்கிட்டிருக்கு. இது பெரிய விஷயம்."

சந்தை என்ற சொல் ரமாபாய்க்கு எப்போதும் இடறும். சந்தையென்றால் இரண்டு பக்கமும் விலை பேச வேண்டும். யார்டு கேட்டில் யாரும் விலை பேசி அவள் பார்த்ததில்லை. உள்ளே கிரேன் ஓட்டும் நிரந்தர ஊழியர்கள் ஒரு சம்பளம் வாங்கினார்கள். அதே பெட்டியடியில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதில் கால்வாசிகூட வராது. இதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

"அறிக்கையில பெட்டி கட்டிப் போட நாலு வாழ்க்கைக் கதை வேணும். அந்தத் தெருவுக்கே திரும்பப் போங்க. இது நல்லா வந்தா உங்களை ரிசர்ச் அசோசியேட்டா எடுக்கச் சொல்லி எழுதறேன். மாசச் சம்பளம்."

மாசச் சம்பளம் என்ற சொல்லை அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தாள்.

5

இரண்டாவது முறை போனது ஒரு புதன்கிழமை, நடுப்பகல். கன்டெய்னர் லாரிகள் சாலையில் அசையாமல் நின்றிருந்ததால் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். தெருமுனையில் தண்ணீர் லாரி. வரிசையில் செங்குட்டுவன், கையில் இரண்டு வீட்டுக் குடங்களோடு நின்றிருந்தான்.

"இன்னிக்கு லீவாண்ணா?"

"லீவா? இன்னிக்கு அவன் டூட்டிம்மா. நாளிக்கு நானு," என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பின்னாலிருந்த கெங்கம்மா சிரித்துவிட்டாள். "சொல்ட்டியா? சரி சொல்லு. அது வியாசர்பாடிப் பொண்ணுதானே, நம்ப வூட்டுப் பொண்ணு மாரி."

அப்படித்தான் ரமாபாய்க்கு விஷயம் தெரிந்தது. இதை அவர்கள் தண்ணீர் வரிசையில் துண்டு துண்டாகச் சொன்னார்கள். நான் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

வார்ப்படக் கம்பெனி மூடியபோது தெரு ஆண்களில் பாதிப் பேருக்குத்தான் யார்டில் பாஸ் கிடைத்தது. கழுத்தில் தொங்கவிடும் பாஸ், போட்டோ ஒட்டியது. கூட்டம் போட்டுப் பேசியதாகத் தெரியவில்லை. ஆனால் மழைக்காலம் வருவதற்குள் பாஸ் உள்ள வீடு ஒவ்வொன்றும் பாஸ் இல்லாத ஒரு வீட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் இவன் போவான், மறுநாள் அதே பாஸில் அவன் போவான். சாயந்திரம் வந்ததும் பாஸைக் கழற்றி மற்றவன் கையில் கொடுத்துவிட வேண்டும். கூலியைப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். வேலைக்குப் போகாதவன் அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

கேட்டில் மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்கு ஒரு குரல் வந்தால் அவருக்குப் போதும். ஆனால் செக்யூரிட்டி போட்டோவைப் பார்ப்பான். அதனால் முகம் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தார்கள். சேர்த்தது பெண்கள். போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றி, தாடை, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்களாம். பெண் பார்க்கப் போனபோதுகூட அந்தத் தெருவில் யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கெங்கம்மா தன் புருஷனுக்கு இரண்டு பேரைப் பார்த்து வேண்டாமென்று தள்ளியிருக்கிறாள்.

"ஒர்த்தனுக்கு மூக்கு ஒத்துக்கல. இன்னொர்த்தன் ஆளு ஓகே, ஆனா வாயத் தொறந்தா கலீஜ் பேச்சு. எங்கூட்டுக்காரரு அப்டி பேச மாட்டாருன்னு கேட்டாண்ட எல்லாருக்கும் தெரியும். செங்குட்டுவனுக்கு மீச மட்டும்தான் வேற மாரி இருந்துச்சி. வளத்துக்கினாரு."

[இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். அடுத்த பத்தியில் அது போய்விடும்.]

இரண்டு மாதம் முன்பு சின்னப்பையனின் அப்பா இறந்துபோனார். பிள்ளை மொட்டை போட்டான். நேற்று மொட்டையாக வந்த ஆள் இன்று தலை நிறைய முடியோடு கேட்டில் நிற்க முடியாது. செங்குட்டுவனும் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டுக்குள் நுழைந்தவனை அவன் அப்பா மேலும் கீழும் பார்த்தார். "நான் உயிரோட கீறப்பவே மொட்டையா? இன்னாடா அவ்ளோ அவசரம் உனுக்கு?" என்று கேட்டார். எவ்வளவு சொல்லியும் கிழவர் சமாதானமாகவில்லை. இன்றுவரை மகனோடு சரியாகப் பேசுவதில்லை.

ரமாபாய் குடங்கள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அப்போ ஏன் ரெண்டு பேரும் ஆறு நாள்னு சொன்னீங்க?"

"வேல ஆறு நாளும் நடந்துச்சில்ல? நீ அத்தானே கேட்ட?" என்றாள் கெங்கம்மா.

செங்குட்டுவன் குடத்தை நகர்த்திவிட்டு நிமிர்ந்தான். "மூணுன்னு சொன்னா நீ இன்னா கேப்ப? மீதி எங்க போச்சின்னு கேப்ப. அவன் எடுத்துகினான்னு நான் சொல்லணும். பங்கு குட்த்தவனையே நான் காட்டிக் குட்த்தா மாரி ஆவாதா? அவனும் அப்டி நெனச்சிதான் ஆறுன்னு சொல்லிகிறான்."

இப்படித்தான் ஒரு தெரு முழுவதும், ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமலிருக்கப் போய், தங்கள் வேலையின்மையைத் தாங்களே துடைத்துப் போட்டுவிட்டது. அதை எந்தச் சூத்திரத்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ரமாபாய்க்கு அது புரிந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது அவளுடைய படிப்பின் பேச்சு.

"அப்படின்னா கணக்குப்படி நீங்க வாரத்துல பாதி வேலை இல்லாதவர்ண்ணா."

செங்குட்டுவன் அவளையே பார்த்தான். "வேல இல்லாதவனா? நானா?" என்றான். குடத்தை ஓர் அடி முன்னால் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, "ரெண்டு வூட்டுக்கும் தண்ணி நான்தான் புடிக்கிறேன்," என்றான்.

6

தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன். ரமாபாய் பேராசிரியரைக் கூப்பிட்டாள். முடிவே தலைகீழாகிறது என்று அவர் இடிந்துபோவார் என்று நினைத்தாள். அவர் துள்ளாத குறை.

"இது முதல்ல இருந்ததைவிட நல்லா இருக்கே! மறைஞ்சிருக்கிற வேலையின்மை, அம்பது சதவீதம். ரமா, படிவத்தை அவங்கவங்க பேர்ல திருத்தி எழுதி வாங்கிடுங்க. புத்தகத்துல பேரெல்லாம் மாத்திடலாம்."

"படிவத்தோட நகல் யார்டு கான்ட்ராக்டருக்கும் போகும் சார். அந்த நிபந்தனையிலதானே நம்மள யார்டுக்குள்ள விட்டாங்க."

"அதைப் பாத்துக்கலாம்," என்றார் அவர். ரூபாய் தீர்ந்து போன் கட்டானது.

[அவள் அப்படியே பஸ் ஏறி எம்.கே.பி. நகர் போயிருக்கலாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எதையும் எழுதக் கூடாது, எழுதாமலும் விடக் கூடாது என்று யாரோ அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அது அவளிடமிருந்த நல்ல குணம். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.]

சாயந்திரம் சின்னப்பையன் கழுத்தில் பாஸோடு வந்தான். கெங்கம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். எதிர்வீட்டு மதியும் வந்து கதவோரம் நின்றாள். ரமாபாய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். எழுதினால் இந்தத் தெருவில் வேலை இல்லாதவர்கள் இருப்பது வெளியே தெரியும், ஏதாவது திட்டம் வரலாம், வராமலும் போகலாம். எழுதினால் கான்ட்ராக்டருக்கும் தெரியும்.

"எய்தாத கண்ணு," என்றான் சின்னப்பையன். "அந்தக் காயிதம் அவன் கைக்குப் போச்சின்னா தெருவே காலி."

"எய்து," என்றான் செங்குட்டுவன். "என் பேர்ல எய்து."

"டேய், இன்னாடா பேசற?"

"நாலு வருசமா அந்தக் கேட்டாண்ட மேஸ்திரி உன் பேரக் கூப்புட்றான். நான் கீறேன்னு சொல்லிகினு உள்ள போறேன். ரோட்ல எவனா செங்குட்டுவான்னு கூப்ட்டா யாரையோ கூப்புட்றான்னு நடந்துகினே இருக்கேன். மொட்ட என்னுது இல்ல. இந்த மீசகூட என்னுது இல்ல. ஒரு காயிதத்துலயாவது என் பேரு இருக்கட்டுமே. வேல இல்லாதவன்னே இருக்கட்டும், இன்னா இப்போ?"

மதி கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் இப்படி ஒரு பேச்சை அவனிடமிருந்து கேட்டதேயில்லை.

"பேரு சோறு போடுமா?" என்று கத்தினான் சின்னப்பையன். அவனும் இப்படிக் கத்தியதில்லை. "உன் பேர எய்திட்டு நாளிக்கு என் புள்ளைங்க இன்னா துன்னும்? எய்தறதுக்கு நீ யார்ரா? பாஸ் என்னுதுடா!"

இந்த வாக்கியத்தை நான் எழுத நினைக்கவில்லை. எழுதிய பிறகு அடித்துப் பார்த்தேன். அடித்தால் சின்னப்பையன் நல்லவனாகவே நிற்பான், எல்லாரும் டீ குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் நாலு வருஷமாக அந்த வாக்கியம் அந்த வீட்டில் எங்கேயோ இருந்துகொண்டுதான் இருந்தது. அவ்வளவு நாளும் அதைச் சொல்லாமல் வைத்திருந்தானே, அதுதான் அவன் பெருந்தன்மை.

சின்னப்பையனுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி நீட்டினான். "இந்தா. நாளிக்கு உன் டூட்டி."

"உன்னுதுன்ன இல்ல? நீயே வெச்சிக்கோ."

"வாய் தவறி வந்துட்ச்சிடா. புட்றா."

செங்குட்டுவன் எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விட்டான். மதியும் பின்னாலேயே போனாள். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்ற புருஷனிடமிருந்து பாஸை வாங்கிக் கெங்கம்மா ஆணியில் மாட்டினாள். ரமாபாய் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் எதுவும் எழுதலக்கா," என்றாள். அதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை.

7

முடிவுகள்.

(அ) ரமாபாய் எழுதுகிறாள். அறிக்கை வருகிறது, பாராட்டு வருகிறது, மாசச் சம்பளம் வருகிறது. யார்டில் எல்லாப் பாஸ்களையும் சோதிக்கிறார்கள். தெருவில் ஒரே வாரத்தில்

(வேண்டாம். அவள் எழுதவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தான் தப்பாகப் புரிந்துகொண்டதாகப் பேராசிரியரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. ஆனால் வற்புறுத்தவுமில்லை. அசோசியேட் வேலை வேறு யாருக்கோ போனது. அவள் பழையபடி படிவத்துக்கு இவ்வளவு என்று ராயபுரம் பக்கம் அலைந்துகொண்டிருக்கிறாள். டீக்கடையில் என்னைக் கேள்வி கேட்டது அதற்குப் பிறகாக இருக்கலாம். நான் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாம்.)

(ஆ) செங்குட்டுவனுக்கு வேறெங்கோ சொந்தப் பெயரில் நல்ல வேலை கிடைக்கிறது.

(எங்கே? அந்த வருஷம் அந்தப் பக்கம் புதிதாகத் திறந்தவை எவை என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு செல்போன் ரீசார்ஜ் கடையும் ஒரு கல்யாண மண்டபமும்தான் தேறின.)

(இ) இரண்டு நண்பர்களும் கட்டிப் பிடித்து

(இதை முழுதாக எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.)

8

ஆக, நடந்ததைச் சொல்கிறேன். என்னால் நடத்த முடிந்தவரைக்கும்.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. கூப்பிட்ட பெயருக்கு மூன்று நாள் குரல் வராவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். அதற்காகவே கேட்டுக்கு வெளியே தினமும் ஒரு கூட்டம் நிற்கும். ஒரு பெயர் விழுந்தால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவனை உள்ளே விடுவார் மேஸ்திரி.

முதல் நாள் செங்குட்டுவனின் முறை. அவன் போகவில்லை. சரி, நீயாவது போய்யா என்று கெங்கம்மா புருஷனைப் பிடித்துத் தள்ளினாள். சின்னப்பையன் நகரவில்லை. "அவன் நாள்ல நான் போனா, நான் சொன்னது நெசமாயிடும்," என்றான்.

மறுநாள் சின்னப்பையனின் முறை. நேற்று அவன் போகாமல் நான் எப்படிப் போவது என்று உட்கார்ந்துவிட்டான். எதிர்வீட்டில் செங்குட்டுவன் முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டு நின்றான். மதி கையைப் பிடிப்பதற்குள் மீசையை எடுத்துவிட்டான். நாலு வருஷத்துக்குப் பிறகு சொந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்தான். அது அவனுக்கு அவ்வளவாகப் பிடித்த மாதிரி தெரியவில்லை.

அதைத் தன் வாசலிலிருந்து சின்னப்பையன் பார்த்தான். ஒன்றும் பேசாமல் உள்ளே போனான். வெளியே வந்தபோது அவன் முகத்திலும் மீசை இல்லை. நாளைக்குச் செங்குட்டுவன் போவதென்று முடிவு செய்தால் கேட்டில் எவனும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. மன்னிப்பு என்று அவனுக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். செங்குட்டுவன் அதைப் பார்த்தானா என்று கேட்பீர்கள். பார்த்தான். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே அழுதான் என்று மதி பிற்பாடு சொன்னாள்.

இது மூன்றாம் நாள் காலை. கதவு இரண்டும் சாத்தியிருக்கின்றன. உள்ளே இருவரும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள், இருவரும் தூங்கவில்லை. ரமாபாய் பையில்லாமல் வந்திருக்கிறாள். முந்தின ராத்திரி அவளும் தூங்கியிருக்க மாட்டாள். கெங்கம்மா பாஸைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறாள், பக்கத்தில் மதி.

"நீ படிச்சவ," என்கிறாள் கெங்கம்மா. "யார எழுப்பட்டும், நீயே சொல்லு. நான் என் புருஷனத்தான் எழுப்புவேன்னு இவளும் நெனைக்கக் கூடாது. நீ சொல்லு."

ரமாபாய்க்குப் பதில் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தானே எழுதுகிறவன் என்று ஒருவன் இருப்பது. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், வரவில்லை. சின்னப்பையனை எழுப்பச் சொன்னால், அவன் கத்தியது அந்தத் தெருவுக்கே சட்டமாகிவிடும். பாஸ் உள்ளவனுக்குத்தான் பாஸ். இன்றைக்கு இந்த வீடு, அடுத்த மாதம் மற்ற வீடுகள். செங்குட்டுவனை எழுப்பச் சொன்னால், அவன் போய் இன்னொருத்தன் பெயருக்கு மறுபடியும் கீறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். அவன் கேட்டது சொந்தப் பெயர் ஒன்றைத்தான், அதையே அவனிடமிருந்து பிடுங்கச் சொல்கிறேன். யாரையும் எழுப்ப வேண்டாம் என்றால் கேட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் ஒருவன் உள்ளே போவான். அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும். அவனுக்குப் பசிக்காதென்று நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவேன்?

வேலை ஒன்றுதான். அதை இரண்டாக்க என்னாலேயே முடியவில்லை. இத்தனைக்கும் இது நான் கட்டிய யார்டு.

மூன்று பெண்களும் உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். வேண்டுமானால் இரண்டு வாசலையும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவைத் தட்டச் சொல்கிறீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள். கேட்டில் மேஸ்திரி பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.